வெற்றுத் திரை பூஜ்யம் அல்ல

பெரம்பலூர் மாவட்டத்தில் மட்டும் 121 ஊராட்சிகள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். பெரம்பலூர் மாவட்டத்தின் ரஞ்சன்குடிச் சுற்றுவட்டாரமும் அதில் அடங்கும். இத்தனை இடங்களுக்கும் அடிக்கடி ஆள் அனுப்பிக் கருவிகளைச் சோதிக்க முடியாது. அதனால்தான் பிராசசர் எவ்வளவு திணறுகிறது, ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதைத் தொலைவிலிருந்தே கண்காணிக்கிறார்கள். விண்டோஸ் கணினிக்கு பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் இருக்கிறது. ரவுட்டருக்கும் ஸ்விட்ச்சுக்கும் 1988-இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை இருக்கிறது. திரையில் எண்கள் நின்றதும் 'அங்கே மெஷின் படுத்துவிட்டது' என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பார்க்கும் வழிதான் அடைபட்டிருக்கும். தகவல் வராததும், வந்த தகவல் பூஜ்யமாக இருப்பதும் ஒன்றல்ல.

அந்த வழியில் இருப்பது ஒரே வாயில் அல்ல என்பதில்தான் சிக்கல். 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய பிங் என்ற சிறு நிரல், எதிர்க்கணினி குரல் கொடுக்கிறதா என்று மட்டுமே கேட்கும். செயல்திறன் அளவுகளைப் பெற அது போதாது. கணினியின் பெயர் சரியான ஐ.பி. முகவரியைக் காட்ட வேண்டும். விண்டோஸ் கணினியானால் ஃபயர்வாலில் 445-ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். சில பணிகளுக்கு 135-உம், 49152 முதலான போர்ட்டுகளும் தேவைப்படும். ரிமோட் ரெஜிஸ்ட்ரி சேவை ஓட வேண்டும். விண்டோஸ் 10-இல் அது இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கும். கேட்பவருக்கு அனுமதியும் வேண்டும். எஸ்.என்.எம்.பி.யில் கடவுச்சொல் போலப் பயன்படும் ஒரு சொல் உண்டு; அது பிழையானால், கருவி மறுப்புக்கூடச் சொல்லாமல் மௌனமாக இருந்துவிடும். செத்த கருவியும் அப்படித்தான் இருக்கும். பிங்குக்குப் பதில் வராததும் சாவுக்குச் சான்றல்ல. ஃபயர்வால் அதையும் தடுத்திருக்கலாம். ஆகவே முகவரி, பெயர், போர்ட், சேவை, அனுமதி என்று வரிசையாகச் சோதித்தால், எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. பக்கத்து ஊர்களும் ஒருசேர இருண்டிருந்தால், கணினியை விட்டுவிட்டுக் கேபிளைச் சந்தேகிக்கலாம்.

'ஃபயர்வாலை அணைத்தால் உடனே வேலை செய்கிறதே, இவ்வளவு சுற்றுவானேன்?' என்று கேட்பார்கள். வேலை செய்யும்தான். ஆனால் 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற கணினிப் புழு 135-ஆம் போர்ட் வழியாகவும், 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்ற புழு 445 வழியாகவும்தான் பரவின. வான்னாகிரை பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தும், போடாத கணினிகள் மாட்டிக்கொண்டன. வாயில் திறக்கவில்லை என்பதற்காக ரஞ்சன்குடிக் கோட்டையின் மதிலை இடிப்பாருண்டா? கண்காணிக்கும் கணினியின் முகவரிக்கு மட்டும் அந்தப் போர்ட்டைத் திறந்துவிடுவதே முறை. அணைத்துப் பார்ப்பது கோளாறு எங்கே என்று காட்டலாம். அதையே தீர்வாக விட்டுவைக்கக் கூடாது.

இன்னொரு வாதம் வலுவானது: நாம் போய்க் கேட்பதைவிட, கருவியே தன் நிலையைச் சொல்லி அனுப்பட்டும். இதில் உள்வரும் வாசல் எதையும் கருவியில் திறக்க வேண்டியதில்லை. ஆனால் மௌனத்தின் பொருள் அப்போதும் விளங்காது. கோளாறு நேரும்போது மட்டும் அனுப்பும் எஸ்.என்.எம்.பி. அறிவிப்பு வழியில் தொலைந்தால், எல்லாம் நலம் என்றே தோன்றும். அதனால் நலமாக இருக்கும்போதும் குறித்த இடைவெளியில் 'இருக்கிறேன்' என்ற செய்தி வர வேண்டும். கோளாறு எதுவானாலும் ஓர் ஆள் போகத்தானே வேண்டும், வகை பிரிப்பானேன் என்பதும் சரியல்ல. கேபிள் அறுந்தால் ஒட்டுபவர் போக வேண்டும், மின்சாரம் இல்லையென்றால் மின்பணியாளர். அனுமதிக் கோளாறென்றால் பெரும்பாலும் தொலைபேசியிலேயே முடியும். ஆகவே கண்காணிப்பு அறிக்கையில் 'ஓடுகிறது', 'நின்றுவிட்டது' என்பவற்றோடு 'தெரியவில்லை' என்ற மூன்றாவது கட்டமும் வேண்டும். தெரியாததை நின்றதில் சேர்த்தால் ஊரிலுள்ள ஊழியர் மேல் பழி விழும். ஓடியதில் சேர்த்தால் கோளாறு மறைந்துபோகும்.