வீட்டு வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது?

“அம்மா, வீட்டு வரி ரசீது யார் பேர்ல இருக்கு?”

“அப்பா பேர்லதான்ப்பா. அவுக இருக்கும்போது கட்டுனது, அப்படியே வருது.”

வளைகுடாவில் இருக்கும் மகனுக்கும் கடையநல்லூரில் இருக்கும் அம்மாவுக்கும் இடையே வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு பேச்சு நடப்பது புதிதல்ல. வங்கியில் வீட்டுக்கடன், மாடி கட்ட அனுமதி, தம்பிக்குப் பாகம் பிரிப்பது என ஏதாவது ஒரு தேவை வரும்போதுதான் அலமாரியில் மஞ்சள் பையில் கிடக்கும் அந்தச் சீட்டு நினைவுக்கு வருகிறது. அப்பா காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். வரி மட்டும் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்த பெரிய வீடுகளும், பழைய ஓட்டு வீடுகளும் ஒரே தெருவில் நிற்கும் ஊர் கடையநல்லூர். இரண்டு வீட்டுக்கும் வரி ஒன்றல்ல. எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தீர்வை வேறு, வீட்டு வரி வேறு

பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். தீர்வை என்பது நிலத்துக்கு உரியது. பட்டா நிலத்துக்காக வருவாய்த் துறைக்குச் செலுத்துவது; கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் வரும். அதற்கு ஜூலை முதல் ஜூன் வரையிலான பசலி ஆண்டுதான் கணக்கு.

வீட்டு வரி கட்டடத்துக்கு உரியது. உள்ளாட்சிக்குப் போய்ச் சேருவது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு அரையாண்டு. கடையநல்லூர் நகராட்சி எல்லைக்குள் வீடு இருந்தால் நகராட்சிக்குச் சொத்து வரி. பக்கத்து கிராமத்தில் இருந்தால் 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சிக்கு வீட்டு வரி.

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் வீட்டின் சந்தை மதிப்பை வைத்து வரி போட்டு, அதில் பெரும்பங்கை உள்ளூர்ப் பள்ளிகளுக்குச் செலவிடுகிறார்கள். நம்மூரில் சந்தை மதிப்பை நேரடியாகப் பார்ப்பதில்லை. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, குப்பை என அன்றாடக் காரியங்களுக்கு உள்ளாட்சியின் சொந்தக் காசு இந்த வரிதான்.

கணக்கு எப்படி?

நகராட்சியில் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். வீட்டின் பரப்பு எத்தனை சதுர அடி, எந்தத் தெருவில் இருக்கிறது, காங்கிரீட்டா ஓடா, கட்டி எத்தனை வருடம் ஆனது, குடியிருப்பா கடையா? இவற்றை வைத்து, அந்த வீடு என்ன வாடகை போகும் என்று ஆண்டு மதிப்பு போட்டு, அதன்மேல் வரி விதிக்கிறார்கள். வீட்டின் முன்னறையில் சின்னதாக மளிகைக் கடை போட்டால், அந்தப் பகுதிக்கு மட்டும் வணிக விகிதம் வரும்.

2022 ஏப்ரலில் தமிழகம் முழுவதும் சொத்து வரி உயர்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. கணக்குக்காக, அதுவரை அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டியதாக வைத்துக்கொள்வோம். 1,000 சதுர அடி வீட்டுக்கு அது 1,500 ஆனது. 2,000 சதுர அடி வீட்டுக்கு 2,000 ஆனது. மத்திய அரசின் 15-வது நிதிக்குழு, உள்ளாட்சி மானியம் வேண்டுமென்றால் சொத்து வரியைச் சீரமைக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது இதற்கு முக்கியக் காரணம்.

வரியோடு சேர்ந்து நூலக வரியும் வருகிறது. வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா. 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்தது இது. ஊர் நூலகத்தில் நாளிதழ் புரட்டுகிறவருக்கு, அதில் தன் வீட்டுக் காசும் இருக்கிறது என்பது தெரிந்திருக்காது.

கிராம ஊராட்சியில் கணக்கு எளிது. தொகையும் பொதுவாகக் குறைவு. அதனால்தான் 2025 தொடக்கத்தில் கிராம ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, தமிழகத்தின் பல கிராமங்களில் எதிர்ப்பு எழுந்தது. வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்பதுதான் மக்களின் பயம்.

முந்தினால் சலுகை, பிந்தினால் வட்டி

நகராட்சியில் அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் அல்லது அக்டோபர் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 5,000 ரூபாய். 2,000 ரூபாய் வரிக்கு 100 ரூபாய் மிச்சம். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. பூட்டிக் கிடக்கும் வீடு என்பதற்காக வரி நின்றுவிடாது. வருடக்கணக்கில் விட்டால் பாக்கி ஒரே தொகையாக வந்து நிற்கும்.

இப்போது நகராட்சி, ஊராட்சி இரண்டுக்குமே இணையதளத்தில் கட்டலாம். வரி விதிப்பு எண் மட்டும் கையில் இருந்தால், துபாயில் இருக்கும் மகனே செல்போனில் கட்டி ரசீதை எடுத்துவிட முடியும்.

புதிதாக வரி நிர்ணயித்து நோட்டீஸ் வந்தால், தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம். சதுர அடி சரியா, குடியிருப்பைக் கடை என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தவறு இருந்தால் நோட்டீஸில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரசீது, பத்திரம் ஆகாது

முக்கியமான விஷயம் இதுதான். “இருபது வருஷமா நான்தான் வரி கட்டுறேன், வீடு எனக்குத்தான்” என்ற பேச்சு அண்ணன் தம்பி சண்டைகளில் தவறாமல் வரும். வரி ரசீது சொத்துரிமையைத் தராது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. உரிமையைச் சொல்வது பத்திரமும் மற்ற மூல ஆவணங்களும்தான். புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கு வரி போட்டிருந்தாலும் அந்த நிலம் சொந்தமாகிவிடாது.

பெயர் மாற்றமும் அப்படித்தான். இறந்தவர் பெயரில் வரி இருந்தால், இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், பாக்கியில்லாத வரி ரசீது ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலேயே மனு போடலாம். வாரிசுகள் பலர் என்றால், எல்லோரும் ஊருக்கு வந்திருக்கும் விடுமுறையிலேயே உட்கார்ந்து பேசி, கையெழுத்துகளை வாங்கிவிடுவது நல்லது. பெண் மக்களின் பங்கை விட்டுவிட்டு ஒருவர் பெயருக்கு மட்டும் அவசரமாக மாற்றினால், நாளை பேரப்பிள்ளைகள் காலத்தில் வழக்காக முளைக்கும்.

அடுத்த முறை வீடியோ காலில் பேரனைக் காட்டச் சொல்லும்போது, அந்த மஞ்சள் பையையும் ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள். ரசீதில் இருக்கும் பெயர், எண், கடைசியாகக் கட்டிய தேதி ஆகிய மூன்றையும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். மீதி வேலையை விடுமுறைக்கு வரும்போது தொடங்கிவிடலாம்.