வீட்டில் சேரும் கம்பளி நூல்

ஜூன் மாதக் குளிர் தொடங்கியதும், ஆஸ்திரேலியாவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் பகல் முழுவதும் வீட்டில் தனித்திருப்பவர்கள் முதியோரே. பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றுவிடுகின்றனர். இம்முதியோருள் பலர் ஊரில் தையல் வகுப்பில் பின்னல் கற்றவர்கள். நுவரெலியாவிலோ ஊட்டியிலோ வாழ்ந்தவர்கள் சுவெட்டரும் பின்னியிருப்பர். பல்லாண்டு விட்டிருந்தாலும் ஊசியை எடுத்தால் கை தானே நினைவுகொள்ளும்.

இந்நாட்டில் நூலின் தடிப்பு ‘பிளை’ என்ற அளவால் குறிக்கப்படுகிறது. மீண்டும் தொடங்குவோருக்கு 8 பிளை நூலும் 4 மில்லிமீட்டர் ஊசிகளும் ஏற்றவை. நூல் உருண்டையைச் சுற்றியுள்ள தாளில் எடை, நீளம், சலவை முறை ஆகியவற்றுடன் சாயத் தொகுதி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். பலரும் கவனியாது விடுவது இவ்வெண்ணையே. ஒரே நிறப் பெயர் கொண்டிருந்தாலும் வேறு தொகுதியில் சாயமிட்ட நூல் சற்றே வேறுபடும். கடையில் தெரியாத அவ்வேறுபாடு, பின்னி முடித்த மேலாடையின் நடுவே கோடாகத் தெரியும். ஆகவே ஓர் ஆடைக்குரிய நூல் முழுவதையும் ஒரே எண்ணில், ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்குதல் நன்று.

அந்தக் கூடுதல் உருண்டையிலிருந்தே சேமிப்பு தொடங்குகிறது! தள்ளுபடியில் வாங்கியவை, ‘ஒப் ஷாப்’ எனப்படும் அறக்கடைகளில் மலிவாகக் கிடைத்தவை, நிறத்திற்காகவே வாங்கியவை என அலுமாரி நிறையும். இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. உடுத்தாவிடினும் பட்டுச்சேலைகளை எடுத்துத் தடவிப் பார்த்து மீண்டும் மடித்து வைப்பவர்கள் இவ்வின்பத்தை அறிவர்.

எனினும் கம்பளியை அந்துப்பூச்சியின் புழுக்கள் அரிக்கும். நூலை இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். பழைய நூல் வாங்கினால், அதனைக் காற்றுப் புகாத பையிலிட்டு இரு வாரம் உறைபெட்டியில் வைத்தபின் மற்றவற்றுடன் சேர்க்கலாம். அக்ரிலிக் நூலுக்கு இவ்வச்சம் இல்லை. ஆனால் அது வெப்பத்தில் உருகுமாதலால் சூடான பாத்திரம் பிடிக்கும் துணிகளுக்கு ஆகாது.

மிஞ்சிய நூலுக்குச் சிறந்த பயன் ஒன்றுண்டு. 1992 இல் சிட்னியில் தொடங்கிய ‘ராப் வித் லவ்’ என்னும் தொண்டு அமைப்பு, 25 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள் 28 ஐ இணைத்துப் போர்வையாக்கிக் குளிரில் வாடுவோருக்கு அனுப்புகிறது. அகலத்தில் 4, நீளத்தில் 7 என இணைத்தால் ஒருவர் போர்த்துக்கொள்ளும் அளவு வரும். துண்டுகள் ஒவ்வொன்றும் வேறு நிறமாக இருக்கலாம். சாய எண் பற்றிய கவலையும் இல்லை. கண்ணிகளின் எண்ணிக்கை கையின் இறுக்கத்தைப் பொறுத்தது. 50 கண்ணிகளுடன் தொடங்கிச் சிறிது பின்னியபின் அகலத்தை அளந்து பாருங்கள்.

பல நகராட்சி நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் பின்னல் குழுக்கள் கூடுகின்றன. ஆங்கிலம் பேசத் தயங்குவோருக்கு இவை ஏற்ற இடம்: தவறவிட்ட கண்ணியைச் சுட்டிக் காட்டவும் அதை எடுத்துக் கொடுக்கவும் மொழி தேவையில்லை. முதல் நாள் பிள்ளைகளுள் ஒருவர் உடன் சென்று அறிமுகம் செய்தல் உதவியாக இருக்கும். நூலகத்தில் விசாரிக்கத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் 131 450 என்ற தொலைபேசி எண்ணை அழைத்துத் “தமிழ்” என்று கூறுங்கள்.