ஒரு கூட்டாளி போதும்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் முடிவு வந்தால் காரைதீவில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படம் முகநூலில் ஓடும், பொன்னாடையும் விழும். அதே பிள்ளை அடுத்த தையில் வேறு பாடசாலைக்குப் போய், இடைவேளையில் யாரோடு இருந்து சாப்பிடுகிறது என்று விசாரிக்க ஆளில்லை. சாதாரண தரம் முடிந்து உயர்தரத்துக்குக் கல்முனைக்கு மாறும்போது மறுபடியும் இதே கதை. பாடசாலை விட்டால் டியூசன், டியூசன் விட்டால் வீடு. கூட்டாளி பிடிக்க அந்தப் பிள்ளைக்கு நேரம் எங்கே?

"என்ட புள்ள ஆரோடயும் சேராது" என்று பெருமையாகச் சொல்லும் தாய்மாரை நம்மூரில் நிறையப் பார்க்கலாம். கூடாத சேர்க்கை பற்றிய பயம் நியாயமானதுதான். சேர்க்கையே இல்லாமல் போவதும் பயப்பட வேண்டிய விஷயம் என்பதைத்தான் நாம் மறந்துபோகிறோம். உலக சுகாதார அமைப்பின் சமூகத் தொடர்பு ஆணைக்குழு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, 13 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் 17 முதல் 21 வீதமானோர் தனிமையில் வாடுவதாகச் சொல்கிறது. அவர்களிலும் பதின்ம வயதினரே அதிகம்.

பேச்சுக் குறைந்த பிள்ளைகள் எல்லாருக்கும் உதவி தேவையில்லை. புத்தகமும் வரைதலுமாகத் தனியே இருந்து மகிழ்கிற பிள்ளையை அதன்பாட்டில் விடலாம். சேர ஆசைப்பட்டும் சேர முடியாமல் தவிக்கிற பிள்ளை வேறு. வெள்ளிக்கிழமை வந்தால் முகம் மலர்ந்து, ஞாயிறு பின்னேரம் வயிற்றுவலி வருகிறதா? சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்க மறுக்கிறதா? முன்பு கதைத்த பிள்ளை சில வாரங்களாக அறையை விட்டு வெளியே வரவில்லையா? இவை கவனிக்க வேண்டியவை. காரணமும் ஒன்றல்ல. ஒரு காது சரியாகக் கேட்காத பிள்ளை கூட்டத்துக்குள் பகிடியைத் தவறவிட்டு ஒதுங்கிவிடும். திக்குவாய், ஓட்டிசம், வெளிநாட்டிலிருக்கும் தாயின் நினைவு, பெரிய பிள்ளையானதும் "இனி வெளியே போகாதே" என்ற கட்டளை, வகுப்பில் வைத்த பட்டப்பெயர் என்று எதுவாகவும் இருக்கலாம்.

உறவினர் நிறைந்த சபையில் "இது ஊமை, வாயே திறக்காது" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதையும்தான். "ஏன் உனக்குக் கூட்டாளி இல்ல?" என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடியாது. "இண்டைக்கு ஆருக்குப் பக்கத்தில இருந்தநீ மகன்?" என்று கேட்டால் கதை வரும்.

பிறகு வகுப்பாசிரியர். இருக்கை மாற்றுவது, குழுவேலையில் நல்ல மனமுள்ள ஒருவரோடு சேர்த்துவிடுவது போன்ற சின்ன வேலைகள் அவர் கையில்தான் இருக்கின்றன. ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியரையும் கேளுங்கள். ஏழாம், பத்தாம் தரங்களில் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் வருவார்கள். உயரம், நிறை பார்ப்பதோடு அது முடியத் தேவையில்லை, பிள்ளையின் தனிமையையும் அவர்களிடம் சொல்லலாம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணையாளர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்ற பதவிகள் இதற்காகவே உள்ளன. தேவைப்பட்டால் கல்முனையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. "உளநலப் பிரிவுக்குப் போனால் நாளைக்குக் கலியாணம் பேச ஏலாது" என்ற பேச்சு நம்மிடையே உண்டு. அந்தப் பேச்சுக்குப் பயந்து ஒத்திப்போட்ட மாதங்களில்தான் சின்னக் கூச்சம் பெரிய நோயாகிறது.

கூட்டத்தில் தள்ளிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வெறுங்கதை கடினம், வேலையோடு வரும் கதை இலகு. வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திக்குத் தண்ணீர்ப்பந்தலில் நிற்கிற பிள்ளை யாரையும் வலிந்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை. கூட நின்று கிளாஸ் கழுவுகிறவனே கூட்டாளியாகிவிடுவான். அறநெறி வகுப்பு, மாளிகைக்காட்டுப் பிள்ளைகளுக்கு அஹதியா, விளையாட்டுக் கழகத்தில் புள்ளி எழுதும் வேலை எல்லாம் இதே வகைதான். பத்துப்பேர் வேண்டாம், ஒருவர் கிடைத்தாலே பாடசாலை தாங்கக்கூடியதாகிவிடும்.

ஒதுக்கலோடு அடி, மிரட்டல், பணம் பறிப்பு சேர்ந்தால் அது கூச்சப் பிரச்சினை அல்ல, முறைப்பாட்டுக்குரிய விஷயம். அதிபருக்கு எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அசைவில்லையென்றால் கல்முனை வலயக் கல்வி அலுவலகம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குத் தமிழிலும் பேசலாம், காசில்லை. ஆசிரியரே அடிப்பதைக் கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடைசெய்கிறது. மாணவனை ஆசிரியர் அறைந்து செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை தரும் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்து நட்டஈடும் விதித்தது. அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதக் கெடு உண்டு. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கிறது. பாடசாலையை விட்டு நிறுத்திவிடலாம் என்று மட்டும் அவசரப்படாதீர்கள். 16 வயது வரை கல்வி கட்டாயம்.

கூட்டாளி இல்லாத பிள்ளைக்கு ஃபோனில் கூட்டாளி கிடைப்பது நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் அன்பாகப் பேசிப் படம் கேட்கும் அந்நியருக்கு இப்படிப்பட்ட பிள்ளைதான் முதலில் அகப்படும். விஷயம் தெரியவந்தால் ஃபோனைப் பறித்து அடிக்காதீர்கள், அடுத்தமுறை பிள்ளை உங்களிடம் சொல்லாது. குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. இதற்கும் 1929தான்.

"நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் நாடகம் என்று தள்ளாதீர்கள். சாக நினைக்கிறாயா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவிலும் வேலை செய்யும். அன்றைக்கே வைத்தியசாலைக்கும் கூட்டிப்போங்கள். வயற்காரர் நிறைந்த ஊர் இது. மாத்திரைகளும் வயலுக்கு வாங்கிய நாசினியும் அன்றிரவே பூட்டுக்குள் போகட்டும், சாவி பெரியவர் மடியில் இருக்கட்டும்.