கம்பி ஊட்டும் வெல்டிங் துப்பாக்கியைப் பேணும் முறை

டிராக்டரும் அதைச் சார்ந்த கருவிகளும் புகுந்த கிராமங்களில், கொல்லன் உலைக்களத்தைப் போலவே வெல்டிங் பட்டறையும் இன்றியமையாததாகிவிட்டது. உழவுப் பருவத்தில் கலப்பைச் சட்டம் முறிந்தால், அதனை அன்றே பற்றவைத்தாலன்றி ஈரம் தப்பிவிடும். குச்சி கொண்டு பற்றவைத்து வந்த பட்டறைகள் பலவற்றில் இப்பொழுது கம்பி ஊட்டும் இயந்திரங்கள் வந்துள்ளன. 1948-ல் அமெரிக்காவிலுள்ள பாட்டெல் ஞாபகார்த்த நிலையத்தில் அலுமினியத்திற்கென உருவாக்கப்பெற்ற இம்முறை, 1953-ல் கரியமிலவாயு உபயோகத்திற்கு வந்தபின் இரும்பு வேலைக்கும் சிக்கனமாயிற்று.

இவ்வியந்திரத்தில் அடிக்கடி பழுதுறுவது கையில் பிடிக்கும் துப்பாக்கியே. அதனை அசட்டை செய்வதால் நேரும் நஷ்டம் கம்பியோடு நிற்பதன்று. டிரெய்லரின் இழுவைக் கொக்கியில் இட்ட பற்று மேலுக்கு நன்றாய்த் தோன்றி, உள்ளே துளைபட்டிருப்பின், பாரம் ஏற்றிய வண்டி சாலையில் கழன்று உயிர்ச்சேதம் விளையக்கூடும்.

பாகங்கள்

இயந்திரத்திலுள்ள உருளைகள் கம்பியைத் தள்ளுகின்றன. அக்கம்பி, கேபிளினுள் இருக்கும் லைனர் என்னும் சுருள் குழாயின் வழியே சென்று, செம்பு டிப்பில் மின்சாரத்தைப் பெற்று வெளிவருகிறது. டிப்பைச் சூழ்ந்த நாசில், வாயுவைப் பாய்ச்சி, உருகிய இரும்பில் காற்றுப் படாமல் காக்கிறது.

டிப்பும் நாசிலும்

நாசிலினுள் தெறித்து ஒட்டும் இரும்புத் துளிகள் வாயுவின் வழியை அடைக்கும். அதனால் பற்றில் தேன்கூடு போல் துளைகள் விழும். ஆதலின் வேலையினிடையே அடிக்கடி அத்துளிகளைச் சுரண்டி அகற்றவேண்டும். வாயு வெளிப்படும் சிறு துவாரங்களையும் பார்த்தல் நலம். துளிகளை உதிர்க்கத் துப்பாக்கியை மேஜையில் தட்டும் வழக்கம் தவறானது. கழுத்து வளைந்து, மின்காப்பும் உடையும்.

டிப்பின் துவாரம் கம்பியின் பருமனுக்கு ஒத்திருக்க வேண்டும். 0.8 மில்லிமீட்டர் கம்பிக்கு 1.2 மில்லிமீட்டர் டிப் ஆகாது. துவாரம் தேய்ந்து நீள்வட்டமானால் மின்சாரம் சீராய்ப் பாயாது, சுடர் தடுமாறும். அத்தகைய டிப்பை உடனே மாற்றுக. அதன் விலை சொற்பமே.

உருளையும் லைனரும்

கம்பி தடைப்பட்டவுடன் உருளையின் அழுத்தத்தை முறுக்குவது பலர் செய்யும் பிழை. மிகுந்த அழுத்தத்தால் கம்பி நசுங்கும். அதன் துகள்கள் லைனரில் சேரும். தடை மேலும் வளரும். முடிவில் கம்பி உருளையருகே குருவிக்கூடு போல் சுருண்டுவிடும். வழுக்காமல் தள்ளுதற்குப் போதுமான அழுத்தமே தேவை. கையுறை அணிந்து, கம்பியை மரக்கட்டை ஒன்றின்மேல் சாய்வாய் ஓடவிட்டால், அது நிற்காமல் வளைந்து செல்லவேண்டும்.

புதிய கம்பிச் சுருள் இடும்போதெல்லாம், டிப்பைக் கழற்றி, உலர்ந்த அழுத்தக் காற்றால் லைனரை ஊதித் துப்புரவு செய்க. அதனாலும் தடை நீங்காவிடில் லைனரை மாற்றவேண்டும். கேபிளை நேராய்க் கிடத்தியே புது லைனரை அளந்து வெட்டுக. வெட்டிய முனையின் பிசிரையும் அரத்தால் நீக்குக. லைனர் குட்டையாயின், இடைவெளியில் கம்பி மடங்கும்.

பழுது கண்டறியும் வரிசை

1. உருளை சுழன்றும் கம்பி வராவிடில், டிப்பைக் கழற்றிப் பார்க்க. கம்பி தாராளமாய் ஓடினால் குற்றம் டிப்பினது.

2. அப்பொழுதும் தடைப்பட்டால், மின்சாரத்தை நிறுத்தி, உருளையின் அழுத்தத்தைத் தளர்த்தி, கேபிளை நேராக்கிக் கம்பியைக் குறட்டால் இழுக்க. கடினமாய் வந்தால் லைனரையும் சுருளின் தடையையும் பார்க்க. எளிதாய் வந்தால் உருளையைச் சோதிக்க.

3. பற்றில் துளை விழுந்தால், நாசில், வாயுக் குழாய், துப்பாக்கி இயந்திரத்தில் பொருந்துமிடத்து ரப்பர் வளையங்கள் ஆகியவற்றைப் பார்க்க. வெட்டவெளிக் காற்றும் வாயுவைக் கலைக்கும்; மறைப்புக் கட்டுக.

4. கைப்பிடி மிகச் சுட்டால், தளர்ந்த இணைப்புகளைத் தேடுக.

விசையை அழுத்தியிருக்கையில் வெளிவரும் கம்பியில் மின்சாரம் உண்டு. ஆதலின் துப்பாக்கியின் வாயை எவரையும் நோக்கிப் பிடித்தலாகாது. பாகங்களைக் கழற்றுமுன் மின்சாரத்தை நிறுத்துவது கட்டாயமாகும்.

கம்பியைக் காத்தல்

மழைக் காலத்திலும், உப்புக் காற்று வீசும் கடற்கரைக் கிராமங்களிலும் கம்பி விரைவில் துருவேறும். துருப்பொடி லைனரை அடைக்கும். வேலை முடிந்தபின் சுருளைக் கழற்றி, காற்றுப் புகாத பையில் வைக்கவேண்டும். கேபிளின்மேல் டிராக்டர் ஏறாமலும், அது இறுகச் சுற்றப்படாமலும் கவனிக்க.

கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் இயந்திரம் உள்ள ஊர்களில், நான்கைந்து டிப்புகளும் ஒரு நாசிலும் ஒரு லைனரும் எப்பொழுதும் இருப்பில் உள்ளனவா என்று கிராம அதிகாரிகள் பருவத்திற்கு முன்பே விசாரித்தல் நலம். சில்லறைச் சாமான் ஒன்றிற்காகப் பட்டணம் போய்வருவதற்குள், உழவின் பதம் கடந்துவிடும்.