இழுத்தாலும் குலையாத சதுரம்

ஜியோஜீப்ரா, வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைத்துக் காட்டும் கணித மென்பொருள். ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா என்ற இரு சொற்களின் சேர்க்கையே இதன் பெயர். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காக மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் இதை உருவாக்கத் தொடங்கினார். மாணவர்களுக்கு இது இலவசம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கணிதப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளிலும் இது இடம்பெற்றுள்ளது.

திரையின் ஒரு பக்கம் படம், மறுபக்கம் சமன்பாடு. வட்டத்தை இழுத்துப் பெரிதாக்கினால் சமன்பாடு மாறும். சமன்பாட்டைத் திருத்தினால் வட்டம் மாறும். புள்ளிகளும் கோடுகளும் எந்த உறவில் வரையப்பட்டன என்பதை மென்பொருள் நினைவில் வைத்திருப்பதே காரணம். ஒரு புள்ளியை நகர்த்தியதும் அதைச் சார்ந்த எல்லாம் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன.

கண்மதிப்பில் நான்கு புள்ளிகளை வைத்து ஒரு மாணவி சதுரம் வரைகிறாள் என்று கொள்வோம். ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததுமே அது கோணிக்கொள்ளும். செங்குத்துக் கோடும் வட்டமும் கொண்டு அமைத்த சதுரமோ எப்படி இழுத்தாலும் பெரிதாகும், சிறிதாகும், சுழலும், சதுரமாகவே இருக்கும். சதுரத்தின் வரையறை அவளுக்குப் பிடிபட்டதா என்பது அந்த ஓர் இழுப்பிலேயே தெரிந்துவிடும். பிறர் செய்துவைத்த கோப்பைத் திறந்து மதிப்பை மாற்றும் நழுவலை மட்டும் அசைப்பவருக்கு இந்தப் பலன் கிட்டுவதில்லை. வெற்றுத் திரையிலிருந்து தானே அமைப்பதில்தான் சிந்தனை நடக்கிறது.

ஏதேனும் ஒரு நாற்கரத்தின் பக்கங்களுடைய நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் உள்ளே ஓர் இணைகரம் தோன்றும். பியர் வரிஞோன் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளரின் இத்தேற்றம் 1731இல் வெளியானது. தாளில் ஒரு படம் வரைந்தால் தற்செயலோ என்ற ஐயம் எழலாம். திரையில் உச்சியை இழுத்து நாற்கரத்தை எவ்வளவு கோணலாக்கினாலும், உச்சியை உள்பக்கமாகத் தள்ளிக் குழிவாக்கினாலும், இணைகரம் அசராமல் நிற்கிறது. ஆனால் நூறு முறை சரியாக வந்தாலும் அது நிரூபணம் ஆகிவிடாது. எப்போதும் ஏன் இணைகரமே வருகிறது என்ற கேள்வி அங்கே தானாக எழுகிறது. அந்தக் கேள்விக்காகவே இந்தக் கருவியை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

விடைக்கு ஒரு மூலைவிட்டம் போதும். அது நாற்கரத்தை இரு முக்கோணங்களாக்குகிறது. ஒரு முக்கோணத்தின் இரு பக்கங்களுடைய நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணை. நீளத்தில் அதன் பாதி. இரு முக்கோணங்களுக்கும் மூன்றாம் பக்கம் அதே மூலைவிட்டம்தான். ஆகவே உள்ளே உள்ள வடிவத்தின் ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் ஒன்றுக்கொன்று இணையாகவும் சமமாகவும் அமைகின்றன. அதனால் அது இணைகரம்.