மிச்சமிருக்கும் சிறுநீர்

மோகனூரில் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தால், வாரம் இரண்டு மூன்று முறை பஸ் ஏறி நாமக்கல்லுக்கோ கரூருக்கோ போய் ரத்த டயாலிசிஸ் செய்துகொள்வது ஒரு வழி. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக இரண்டு லிட்டர் திரவத்தை ஏற்றி, சில மணி நேரம் வைத்திருந்து இறக்கிவிடுவதை வீட்டிலேயே தினம் மூன்று நான்கு தடவை செய்வது இன்னொரு வழி. வயிற்றுக்குள் இருக்கும் சவ்வுதான் இதில் வடிகட்டி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. பை வந்த பிறகு வீட்டார் மனதில் இருப்பது, இன்னும் எத்தனை வருஷம் என்ற கேள்வி. அதற்கான தடயத்தைப் பையைவிட நோயாளி கழிக்கும் சிறுநீரில்தான் அதிகம் தேட வேண்டும்.

மருத்துவ உலகம் இதைச் சுற்றுவழியில்தான் கண்டுகொண்டது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 680 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. கழிவு அதிகம் நீங்கினால் ஆயுளும் கூடும் என்றது. ஆனால் அந்தக் கணக்கில் சிறுநீரகம் நீக்கிய கழிவும் சவ்வு நீக்கிய கழிவும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. 2001இல் இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். தினசரிச் சிறுநீர் 250 மில்லி கூடுதலாக இருந்தால் இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைந்திருந்தது. சவ்வின் பங்குக்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. மெக்சிகோவில் 965 பேரிடம் நடந்து 2002இல் வெளியான பரிசோதனையிலும், திரவத்தைக் கூட்டியதால் ஆயுள் கூடவில்லை. அதற்காகப் பையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சிறுநீர் அறவே நின்றவருக்கு அந்தப் பைதான் உயிர்.

நோய் முற்றாதவருக்குச் சிறுநீர் கூடுதலாகப் போகிறது, அவர் கூடுதல் காலம் வாழ்கிறார், இதில் சிறுநீரின் பங்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; சிறுநீர் ஓரளவுக்கு வெறும் அடையாளமாகவும் இருக்கலாம். ஆனாலும் சிறுநீரகத்தில் மிஞ்சியிருக்கும் செயல்பாட்டைக் காப்பாற்ற முடியும். ஹாங்காங்கில் 60 பேரிடம் நடந்து 2003இல் வெளியான பரிசோதனையில், ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை மிச்சச் செயல்பாடு குறையும் வேகத்தைத் தணித்தது. மூட்டு வலிக்கென்று மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோபினாக் மாத்திரை அதே மிச்சத்தைக் கெடுக்கவல்லது. நம் ஊர்களில் இதைத்தான் முதலில் தடுக்க வேண்டும்.

ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவதும் கெட்ட அறிகுறி. இறக்கும் திரவத்தோடு தினம் 5 முதல் 10 கிராம் புரதம் போய்விடுகிறது. ஒரு முட்டையில் இருப்பதோ சுமார் 6 கிராம். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் இதை ஈடுகட்டுவது சிரமமில்லை என்று தோன்றும். ஆனால் அல்புமின் உடலின் அழற்சியாலும் குறைகிறது. குழாய்வழி வயிற்றில் தொற்று வந்தால் முட்டை மட்டும் போதாது. இவற்றையெல்லாம் வைத்து இன்னும் எத்தனை வருஷம் என்று கம்ப்யூட்டர் கணித்துத் தந்துவிடாதா என்றால், தரும். ஆனால் வெளிநாட்டு நோயாளிகளை வைத்துப் பழக்கிய கணிப்பை இங்குள்ளவர்களிடம் சோதிக்காமல் நம்ப முடியாது. சோதித்த பிறகும் அது நூறு பேரில் எத்தனை பேர் என்றுதான் சொல்லும், இந்த ஒருவர் எப்படி என்று சொல்லாது. இந்த ஒருவரின் இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரை அளவுக் குவளையில் அளந்து நோட்டில் எழுதிவைத்தால், அது குறைந்துகொண்டே வருவது அடுத்த பரிசோதனைக்கு முன்பே தெரிந்துவிடும்.