பிட்காயின்: பேரேடு யார் கையில்?

பணம் என்றால் தாளும் காசும் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் நம்மிடம் உள்ள பணத்தில் பெரும்பகுதி தாளும் அன்று, காசும் அன்று. வங்கிக் கணக்கில் நம் பெயருக்கு நேரே நிற்கும் ஓர் இலக்கமே அது. முன்னாளில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் கிட்டங்கிகளில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்திலும் இதுவே உண்மை. கிட்டங்கியின் உயிர் பணப் பெட்டியில் இல்லை, பேரேட்டில் இருந்தது. பேரேட்டில் வரவு வைத்திருந்தால் பணம் உண்டு, இல்லையேல் இல்லை. ஆகவே, பணத்தைப் பற்றி எழும் கேள்விகளுள் தலையாயது, ‘பேரேட்டை எழுதுபவர் யார்?’ என்பதேயாகும்.

வங்கியும் அரசும் எழுதட்டும் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட விடை. ‘எல்லாரும் எழுதுவோம், எவரையும் நம்ப வேண்டியதில்லை’ என்ற மற்றொரு விடையும் உண்டு. பிட்காயின் என்பது அந்த விடையின் பெயர். கிரிப்டோ நாணயம் என்று செய்திகளில் அடிபடும் ஆயிரக்கணக்கானவற்றுள் மூத்தது அதுவே.

2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சத்தோஷி நக்கமோட்டோ என்ற பெயரில் ஒருவர், மறைக்குறிக் கலையில் ஈடுபாடுடைய அன்பர்கள் சிலருக்கு ஒன்பது பக்கக் கட்டுரையொன்றை அனுப்பினார். மேலை நாடுகளில் பெரிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டங்கண்டிருந்த நேரம் அது. 2009 ஜனவரி 3ஆம் நாளுக்குரிய முதற் பக்கத்தோடு பிட்காயின் பேரேடு தொடங்கிற்று. அப்பக்கத்தில் அன்றைய லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழின் தலைப்பு ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. வங்கிகளை மீட்க அரசு இரண்டாம் முறையும் பணம் இறைக்கும் நிலையில் இருக்கிறது என்பது அதன் பொருள். நக்கமோட்டோ என்பவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. 2011இல் அவர் ஒதுங்கிக்கொண்டார்.

இனி, இஃது எவ்வாறு இயங்குகின்றது என்று காண்போம். ஓர் ஊரில் நூறு பேர் சேர்ந்து கணக்கு வைத்துக்கொள்வதாகக் கொள்வோம். கணக்கப்பிள்ளை ஒருவரை அமர்த்தாமல், நூறு பேரும் ஆளுக்கொரு பேரேடு வைத்திருக்கிறார்கள். முத்து கந்தனுக்குப் பத்து வெள்ளி கொடுக்கிறான் என்றால், சந்தையில் நின்று அதை உரக்கச் சொல்கிறான். நூறு பேரும் தத்தம் ஏட்டில் எழுதிக்கொள்கிறார்கள். எவனேனும் ஒருவன் தன் ஏட்டைத் திருத்தினாலும் மற்றத் தொண்ணூற்றொன்பது ஏடுகளும் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இதில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. சொன்னவன் முத்துதான் என்பதற்கு உறுதி என்ன? இதற்குக் கணிதம் வழி கண்டிருக்கிறது. ஒவ்வொருவரிடமும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, யாருக்கும் காட்டலாகாத இரகசியச் சாவி. மற்றது, அதனின்று கணக்கிட்டுப் பெற்ற, ஊரறியக் கொடுக்கத்தக்க எண். சாவியால் இட்ட கையொப்பத்தைப் பொது எண்ணைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம்; ஆனால் பொது எண்ணிலிருந்து சாவியைக் கண்டறிவது இன்றைய கணினிகளால் ஆகாத காரியம். சாவியைத் தொலைத்தவர் பணத்தையும் தொலைத்தவரே. முறையிட அங்கே மேலாளர் இல்லை.

இரண்டாவதே பெரிய இடர்ப்பாடு. முத்து சந்தையின் ஒரு கோடியில் நின்று, ‘இந்தப் பத்து வெள்ளி கந்தனுக்கு’ என்கிறான். மறு கோடிக்கு ஓடி, ‘அதே பத்து வெள்ளி வேலனுக்கு’ என்கிறான். பாதிப் பேர் ஒன்றை எழுதினர். மீதிப் பேர் மற்றொன்றை எழுதினர். எது முந்தியது? தலைவர் ஒருவர் இருந்தால் அவர் சொல்லிவிடுவார். தலைவரே இல்லாத இடத்தில் யார் சொல்வது? நக்கமோட்டோவின் தனிச் சிறப்பு இக்கேள்விக்கு அவர் கண்ட விடைதான்.

புதிய கொடுக்கல் வாங்கல்களைத் திரட்டிப் பக்கம் பக்கமாகக் கட்டுவதற்கென்று சிலர் முன்வருகின்றனர். சுரங்கம் தோண்டுவோர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இவர்களை ‘மைனர்’ என்பார்கள். மைனர் என்றால் ஜிப்பாவும் தங்கச் சங்கிலியுமாகத் திரியும் பேர்வழியே நம்மவர் நினைவுக்கு வருவாராகையால், பக்கம் கட்டுவோர் என்றே இங்கு அழைப்போம். இவர்கள் பக்கத்தோடு ஏதேனும் ஓர் எண்ணைச் சேர்த்து, குறித்ததொரு கணித முறையில் அரைக்கின்றனர். அதனால் நீண்ட முத்திரை எண் ஒன்று கிடைக்கிறது. பக்கத்தில் ஓரெழுத்து மாறினாலும் முத்திரை முற்றிலும் வேறாகிவிடும். முத்திரை எண் குறித்த அளவுக்குக் கீழே இருந்தாலன்றிப் பக்கம் செல்லாது. எந்த எண்ணைச் சேர்த்தால் அவ்வாறு வரும் என்பதை முன்னரே அறிய வழியில்லை. கோடிகோடியாக எண்களைப் போட்டுப் பார்க்கவேண்டும். நம் ஊர் நாலு நம்பர் சீட்டைப் போல, இதில் சூத்திரம் கண்டுபிடித்தேன் என்று சொல்பவனை நம்பவேண்டியதில்லை. முதலில் வெற்றி கண்டவரின் பக்கத்தை எல்லாரும் தம் பேரேட்டில் சேர்த்துக்கொள்கின்றனர். முத்துவின் இரண்டு பேச்சில் எது அப்பக்கத்தில் ஏறிற்றோ அதுவே செல்லும்.

ஒவ்வொரு பக்கத்திலும் முந்தின பக்கத்தின் முத்திரை எழுதப்பட்டிருக்கும். ஆகையால் பழைய பக்கம் ஒன்றைத் திருத்த நினைப்பவன், அதற்குப் பின் வந்த பக்கங்கள் அனைத்தையும் திரும்ப அரைக்கவேண்டும். அதுவும் மற்றவர் எல்லாரையும் முந்திக்கொண்டு. பக்கங்களின் இந்தத் தொடரைத்தான் பிளாக்செயின் என்கின்றனர். ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் வரும்படி, 2,016 பக்கங்களுக்கு ஒருமுறை புதிரின் கடுமை தானே ஏறி இறங்கும். பக்கம் கட்டியவருக்கு முதலில் 50 பிட்காயின் பரிசு கிடைத்தது. சுமார் நான்காண்டுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. இவ்வாறு குறைந்துகொண்டே போவதால் மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் பிட்காயின் பிறவாது. இந்தப் போட்டியில் எரியும் மின்சாரம் ஒரு நடுத்தர நாட்டின் செலவோடு ஒப்பிடத்தக்கது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. பக்கம் கட்டுவோர் எத்துணை வலியவராயினும் விதிகளை மாற்ற அவரால் இயலாது. தம் வீட்டுக் கணினியில் முழுப் பேரேட்டையும் வைத்திருப்போர் உலகெங்கும் உளர். புதுப் பக்கம் வந்தவுடன் அவர்களது கணினி ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கிறது. விதிக்கு மாறாக ஒரு காசு கூடியிருந்தாலும் அப்பக்கத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறது. ஏடு காப்போர் என்று இவர்களைச் சொல்லலாம். இவர்களுக்குச் சம்பளம் இல்லை, பரிசும் இல்லை.

அப்படியானால் விதியை மாற்றவேண்டிய தேவை வந்தால் என்ன செய்வது? 2015 முதல் 2017 வரை பிட்காயின் அன்பர்களை இரு பிரிவாக்கிய பூசல் இதிலிருந்தே பிறந்தது. வெளிப்பார்வைக்கு அஃது ஓர் எண்ணைப் பற்றிய சண்டை. குப்பைக் கணக்குகளை அள்ளிக் கொட்டி எவரும் பேரேட்டைத் திணறடிக்காமல் இருப்பதற்காக, ஒரு பக்கம் 1 மெகாபைட்டுக்கு மேற்படலாகாது என்று 2010இல் நக்கமோட்டோ ஓர் எல்லை வைத்தார். அந்த அளவுள்ள பக்கத்தில் ஏறத்தாழ 2,000 வரவு செலவுகள் அடங்கும். அதாவது நொடிக்கு மூன்று நான்கு. ஒரு பெருநகரத்துக் கடைகளுக்கே இது காணாது. உலகத்துக்கு எங்ஙனம் போதும்?

நக்கமோட்டோவுக்குப் பின் நிரலெழுதும் பணிக்குத் தலைமை தாங்கியிருந்த கேவின் ஆண்ட்ரெசனும், அவரோடு மைக் ஹெர்னும், எல்லையை உயர்த்தவேண்டும் என்றனர். 2015 ஆகஸ்டில் பக்கத்தின் அளவை 8 மெகாபைட் ஆக்கி, பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் நிரலொன்றை வெளியிட்டனர். அவர்கள் வாதம் எளியது. பிட்காயின் பணமாக வேண்டுமானால் ஏழையும் அதைச் செலவிட முடியவேண்டும். பக்கத்தில் இடம் குறைந்தால், இடம் பிடிக்கக் கட்டணம் ஏறும். கட்டணம் ஏறினால் சிறு தொகை அனுப்புவோர் விலகி, பெருந்தனக்காரரே எஞ்சுவர்.

எதிர்த்தரப்பினர் வேறு கணக்குப் போட்டனர். பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்றால் ஆண்டுக்கு 52,560 பக்கங்கள். பக்கம் 1 மெகாபைட்டாயின் பேரேடு ஆண்டுக்கு 52 ஜிகாபைட் வளரும். 8 ஆயின் 420 ஜிகாபைட். இரட்டித்துக்கொண்டே போனால், சாதாரணக் கணினி வைத்திருப்பவர் ஏடு காக்க இயலுமா? பெரிய நிறுவனங்கள் சிலவே காக்கும். பிறகு அவற்றை நம்பித்தான் ஆகவேண்டும். வங்கியை விட்டு ஓடிவந்து, வேறு பெயருடைய வங்கியிடம் சேர்ந்ததாக முடியாதா என்று அவர்கள் கேட்டனர். சில்லறைக் கொடுக்கல் வாங்கலைப் பேரேட்டுக்கு வெளியே இருவர் தமக்குள் கணக்காக நடத்தி, முடிவுத் தொகையை மட்டும் பேரேட்டில் ஏற்றும் ‘லைட்னிங்’ முறையே நல்வழி என்பது அவர்கள் கருத்து.

இரு சாராருமே ஏழைக்காகப் பேசினர் என்பதே இவ்வழக்கின் சுவை. செலவழிக்கும் உரிமையைக் காத்தார் ஒரு சாரார். சரிபார்க்கும் உரிமையைக் காத்தார் மறு சாரார்.

ஹெர்ன் 2016 ஜனவரியில், இம்முயற்சி தோற்றுவிட்டது என்று எழுதிவிட்டு, தம் நாணயங்களை விற்று விலகினார். இதற்கிடையே பீட்டர் வூல் என்ற நிரலாளர் 2015 டிசம்பரில் ஹாங்காங்கில் ஓர் இடைவழி காட்டியிருந்தார். பக்கத்தில் பெரும் இடத்தைப் பிடிப்பவை கையொப்பங்கள். அவற்றைப் பிரித்துப் பின்னிணைப்பாக வைத்து, பின்னிணைப்பின் எடையைக் கால் பங்காகவே கணக்கிட்டால், பழைய நிரல்களும் மறுக்காத வகையில் பக்கத்தில் கூடுதல் இடம் கிடைக்கும். ‘செக்விட்’ என்னும் இம்முறைக்கு நூற்றுக்கு 95 பக்கங்கள் ஆதரவு காட்டவேண்டும் என்று விதி செய்தனர். பக்கம் கட்டுவோர் பலர் மாதக்கணக்கில் அசையவில்லை. கணக்காற்றலில் பெரும்பகுதி அன்று சீனத்தில் இருந்தது.

2017 மே மாதம் நியூயார்க்கில் ஓர் உடன்பாடு கையெழுத்தாயிற்று. செக்விட்டையும் ஏற்போம், எல்லையையும் 2 மெகாபைட்டாக்குவோம் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கூறின. கணக்காற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அவர்கள் பக்கம். பணமும் இயந்திரமும் ஓரணியில் நின்றதால், இனி யார் தடுப்பார் என்றே தோன்றிற்று.

தடுத்தவர்கள் சம்பளமற்ற ஏடு காப்போர். புனைபெயர் பூண்ட ஒருவர் முன்வைத்த யோசனைப்படி, ‘ஆகஸ்ட் 1 முதல் செக்விட்டுக்கு ஆதரவு காட்டாத பக்கங்களை எங்கள் கணினிகள் ஏற்கா’ என்று அவர்களில் ஒரு பகுதியினர் அறிவித்தனர். எண்ணிக்கையில் அவர்கள் சிறுபான்மையோரே. ஆயினும், தாம் கட்டும் பக்கத்தை வாங்குவோர் இல்லையேல் பரிசாகப் பெற்ற நாணயம் வெறும் இலக்கம் என்பது பக்கம் கட்டுவோருக்குத் தெரியும். தொடர் இரண்டாகப் பிளக்கும் என்ற அச்சத்தில் ஜூலையிலேயே அவர்கள் இணங்கினர். ஆகஸ்ட் 24ஆம் நாள் செக்விட் நடைமுறைக்கு வந்தது. 2 மெகாபைட் என்ற மறுபாதியை, போதிய இணக்கம் இல்லை என்று கூறி, நவம்பர் 8ஆம் நாள் அதன் ஆதரவாளர்களே கைவிட்டனர். பெரிய பக்கம் வேண்டியோரில் ஒரு சாரார் ஆகஸ்ட் 1ஆம் நாளே பிரிந்து, 8 மெகாபைட் எல்லையுடன் ‘பிட்காயின் கேஷ்’ என்ற தனிப் பேரேடு தொடங்கியிருந்தனர். 2025ஆம் ஆண்டில் அதன் விலை பிட்காயின் விலையில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே நின்றது.

வென்றவர்கள் சொன்னது முற்றும் சரி என்று கொள்ளலாமா? அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு பிட்காயினின் விலை 20,000 அமெரிக்க டாலரை நெருங்கியபோது, ஒருமுறை பணம் அனுப்புவதற்கான சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டிற்று. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு நூறு இருநூறு வெள்ளி அனுப்பும் தொழிலாளிக்கு இதனால் என்ன பயன்? ஹெர்ன் கூட்டத்தார் எச்சரித்தது அப்படியே நடந்தது. பின்னர்க் கட்டணம் இறங்கிற்று, இடையிடையே ஏறவும் செய்தது. நக்கமோட்டோ தம் கட்டுரைக்கு இட்ட தலைப்பிலேயே ‘மின்பணம்’ என்ற சொல் உண்டு. ஆனால் இன்று பிட்காயின் வைத்திருப்போரில் மிகப் பலர் அதைச் செலவிடுவதில்லை. தங்கக் கட்டிபோல் பூட்டி வைக்கிறார்கள். எனினும், எல்லை உயர்ந்திருந்தால் நாளடைவில் ஏடு காப்போர் அருகியிருப்பர் என்ற வாதத்தையும் தள்ளிவிட இயலவில்லை. 1 மெகாபைட் என்று தொடங்கிய பேரேடே இன்று 600 ஜிகாபைட்டைத் தாண்டிவிட்டது. என் வரையில், ஏடு காக்கும் உரிமையே மூலம் என்று சொல்வேன். ஆனால் அதற்குக் கொடுத்த விலையை மறைத்துப் பேசுவோரிடம் எனக்கு உடன்பாடில்லை.

அதே பூசல் இப்போது வேறு உருவில் வந்திருக்கிறது. பேரேட்டில் கொடுக்கல் வாங்கலோடு படங்களையும் எழுத்துகளையும் பொறிக்கும் வழக்கம் 2023இல் பெருகிற்று. பணக் கணக்குக்குரிய ஏட்டில் படத்துக்கு என்ன வேலை என்றனர் சிலர். கட்டணம் கொடுத்தவர் எழுதட்டுமே என்றனர் மற்றவர். 2025 அக்டோபரில் வெளியான முதன்மை நிரலின் 30ஆம் பதிப்பு, இத்தகைய குறிப்புகளை ஒரு கணினி மற்றொன்றுக்கு அனுப்புவதற்கு இருந்த 80 பைட் என்ற பழைய வரம்பைப் பெரிதும் தளர்த்திவிட்டது. அதனை ஏற்காதோர் ‘நாட்ஸ்’ என்ற மற்றொரு நிரலுக்கு மாறினர். எந்த நிரலை ஓட்டுவது என்பதை இம்முறையும் ஏடு காப்போர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்தபடியே முடிவு செய்கின்றனர்.